லவோன் அணைத்து வைத்த எச்சரிக்கை

லவோன் ஃபைஸ்ட் காலையில் காரில் ஏறியதும் செய்கிற முதல் வேலை, இரண்டு ரப்பர் குமிழ்களை நாக்கால் தொட்டு ஈரமாக்குவதுதான். ஈரமான குமிழ்கள் முன்கண்ணாடியில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டியை அவற்றில் மாட்டி, அதன் ஒயரைச் சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருகுவாள். பெட்டி விழித்துக்கொண்டு மூன்று தரம் கீச்சிடும். அதன் நெற்றியில் சின்னச் சிவப்பு எழுத்துகள் ஓடி அடங்கும். "எந்திரிச்சிட்டியா? சரி, நீ பாத்துக்கோ" என்பாள் லவோன். அதற்கப்புறம்தான் சாவியைத் திருப்புவாள்.

அது ரேடார் டிடெக்டர். வேகமாக வருகிற வண்டியைப் பிடிக்கப் போலீஸ்காரர்கள் சாலையோரத்தில் நின்று ரேடார் அலையைப் பாய்ச்சுகிறார்கள் அல்லவா, அந்த அலையை ஒரு மைலுக்கு முன்பே மோப்பம் பிடித்துக் கத்துகிற பெட்டி.

லவோனுக்கு வயது ஐம்பத்திரண்டு. காது மெஷின் விற்கிற கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தின் தெற்கு மூலையில், பண்ணை பண்ணையாகப் போய், காது மந்தமான கிழவர்களின் சமையலறை மேசையில் உட்கார்ந்து மெஷின் பொருத்திக் கொடுப்பாள், பொருத்தியதைச் சரிபார்ப்பாள். ஒரு பண்ணைக்கும் அடுத்ததற்கும் நாற்பது மைல் இருக்கும். பஸ் என்கிற பேச்சே அங்கே கிடையாது. கார் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்த நாட்டில் பிழைப்பு.

அந்தப் பிழைப்புக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஒரே வருஷத்தில் வேகமாகப் போனதற்காகப் போலீஸிடம் மூன்று அபராதச் சீட்டு வாங்கிவிட்டாள். இன்னும் ஒன்று விழுந்தால் லைசென்ஸைப் பறித்துவிடுவோம் என்று அரசாங்கம் கடிதம் போட்டது. அவள் கணவன் டெல்மர் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தான். தானியக் கிடங்கு ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனதிலிருந்து அவனுக்கு நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

அப்போது பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவன் டெல்மரின் தம்பி வர்ஜில், லாரி ஓட்டுகிறவன்.

"அண்ணி, இது என் லாரியில இருந்தா என் வேல போயிடும். உங்க கார்ல இல்லேன்னா உங்க வேல போயிடும். அப்ப இது எங்க இருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"திருட்டுச் சாமான் இல்லையே?"

"காசு குடுத்து வாங்குனது அண்ணி. கார்ல வச்சா தப்பில்லையாம், லாரியில வச்சாத்தான் தப்பாம். லாரிக்காரன்னா அவ்வளவு இளக்காரம்."

முற்றத்தில் நின்ற காருக்குள் மூன்று பேரும் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். வர்ஜில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். ஓரத்தில் இருக்கும் உருண்டை சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். நடுப் பொத்தான் கத்துகிறதை அப்போதைக்கு அடக்க. இடது பொத்தான் ஊருக்குள் ஒரு விதமாகவும் நெடுஞ்சாலையில் வேறு விதமாகவும் கேட்க வைக்க. வலது பொத்தான் வெளிச்சத்தை மங்கலாக்க.

"ஊருக்குள்ள போறப்ப இந்த இடது பொத்தான மறக்காம அமுக்கிடுங்க. இல்லேன்னா மளிகைக் கடை வாசல்ல நின்னுக்கிட்டுக் கத்தும். தானாத் தொறக்குற கதவெல்லாம் இதுக்குப் போலீஸ்தான்."

"நம்ம சர்ச்சுக் கதவு?"

"அதத் தள்ளித்தான் தொறக்கணும். அங்க நீங்க பயப்பட வேண்டியது வேற ஆளுக்கு."

பின் இருக்கையில் முதுகைச் சாய்த்துக் கிடந்த டெல்மர் கேட்டான். "ஏன் லவோன், இவ்வளவு பொத்தானப் படிக்கிறதுக்கு மெதுவாப் போயிட்டா என்ன?"

"போலாமே. ஒரு நாளைக்கு ஆறு வீடுன்னு ஆபீஸ்ல எழுதி வச்சிருக்கான். நீ அவங்கிட்டப் போயி மெதுவா எழுதச் சொல்லு, நான் மெதுவாப் போறேன்."



பெட்டி வந்தபின் லவோனின் நாட்கள் மாறிவிட்டன. முன்பெல்லாம் அவள் கண் பாதி சாலையிலும் பாதி வேகமுள்ளிலும் இருக்கும். ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் ஒரு போலீஸ் கார் நிற்பதுபோல நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது அந்தப் பயம் முழுவதையும் பெட்டி வாங்கிக்கொண்டது. அது விழித்திருந்தது, ஆகவே அவள் கனவு காணத் தொடங்கினாள்.

கனவுக்குத் தோதான நாடு அது. சாலை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். இரண்டு பக்கமும் புல்லும் கோதுமையும் காற்றில் படுத்து எழுந்து படுக்கும். வெயில் ஏற ஏற, பத்து மைலுக்கு அப்பால் நிற்கிற தானியக் கிடங்கு தரையை விட்டு எழும்பி, வெள்ளைக் கப்பலாக மிதக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போனால் கார் ஓடுகிறதா, நிலம் ஓடுகிறதா என்பதே மறந்துபோகும். எண்பது மைல் வேகம் அங்கே ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

கல்யாணமான முதல் கோடையில் அவளும் டெல்மரும் கிழக்கே ஓர் ஏரிக்குப் போயிருந்தார்கள். வாடகைப் படகில் டெல்மர் துடுப்பைத் தண்ணீரில் நழுவவிட்டான். சாயங்காலம் வரை இருவரும் ஏரி நடுவே சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். அந்த ஏரிக்கரையில் லவோன் இப்போது தினமும் ஒரு குடிசை கட்டினாள். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே சுவர் எழும்பும். திரும்பி வரும்போது கூரை ஏறும். டெல்மரின் முதுகுக்கு இதமாக ஒரு சாய்வு நாற்காலியும் வந்து சேர்ந்தது. எங்கேயாவது பெட்டி கத்தும். கால் தானாக மிதியிலிருந்து எழும், முள் சட்டம் அனுமதிக்கிற அறுபத்தைந்துக்கு இறங்கும், மரநிழலில் நிற்கிற போலீஸ்காரரை மரியாதையாகக் கடந்து போவாள். பெட்டி அடங்கியதும் முள் ஏறும், குடிசைக்கு ஜன்னல் வைப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஜூன் மாதத்தில் பெட்டி புதிதாக ஒரு குரலில் கத்தியது. போலீஸுக்குக் கத்துகிற கீச்சு இல்லை. ஏதோ குருவி விட்டு விட்டுக் கூப்பிடுவது மாதிரி. லவோன் பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். காப்பி முழுவதும் மடியில் கொட்டியது. பெட்டியின் நெற்றியில் 'சாலை வேலை' என்று எழுத்து ஓடியது. கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சு நிற லாரி ஒன்று ஓரமாக நின்றது. போலீஸ் யாரும் இல்லை.

அன்று மாலை வர்ஜிலைப் போனில் பிடித்தாள்.

"அதுவா அண்ணி? சாலை வேலைக்காரங்க லாரி மேல ஒரு மெஷின் வச்சிருக்காங்க. பொத்தான அமுக்கி வச்சுட்டா, லாரில சாவி போட்டிருக்குற நேரமெல்லாம் அது அலை விடும். அதுலேருந்து வர்ற அலைய நம்ம பெட்டி பிடிச்சுச் சொல்லுது. பலகையக்கூடப் பாக்காமப் பறக்குறவன் எப்படியும் இந்தப் பெட்டி வச்சிருப்பான், அவனுக்குப் பெட்டி வழியாவே சொல்லிடலாம்னு எவனோ புத்திசாலி யோசிச்சிருக்கான்."

"போலீஸ் இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப எனக்கு எதுக்கு அது? புதுப் பாவாட போச்சு."

"வேண்டாம்னா அணைச்சுக்கலாம் அண்ணி. உள்ள ஒரு பட்டியல் இருக்கு. இடது பொத்தானையும் வலது பொத்தானையும் சேத்து அமுக்கிப் பிடிச்சா வரும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா எங்கிட்ட இருந்தப்ப நான் அணைக்கல" என்றான்.

லவோனும் உடனே அணைத்துவிடவில்லை. இன்னும் மூன்று தரம் அந்தக் குருவி கூப்பிட்டு, மூன்று தரம் அவள் ஒன்றுமில்லாததற்கு பிரேக் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாவியை எடுக்க மறந்துவிட்டுப் போன, ஆள் யாருமே இல்லாத லாரிகூடக் கூப்பிட்டது. குடிசைக்கு அன்றுதான் கதவு பொருத்திக்கொண்டிருந்தாள். கதவு கையை விட்டு நழுவிப் போயிற்று. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் ரெய்ன்ஹோல்டு என்கிற கிழவரின் பண்ணையில் வேலை. கிழவரின் மனைவி ஒட்டீலியா, பால்கூழ் ஊற்றிச் சுட்ட இனிப்பு ரொட்டியை வெட்டி வைத்துவிட்டு, குற்றப் பத்திரிகை வாசித்தாள்.

"நான் பேச வாயத் தொறந்ததும் இவரு காதச் சொறியிறாரு. சொறியல பொண்ணே, மெஷின்ல சத்தத்தக் குறைக்கிறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

"அம்பத்தெட்டு வருஷமாக் கேட்டாச்சு. இனிமே புதுசா என்ன சொல்லிடப்போறா?" என்றார் ரெய்ன்ஹோல்டு.

"போன வாரம் அடுப்புல எண்ணெய் தீப்பிடிச்சுதே, அப்ப கத்துனேனே, அது பழசா?"

லவோன் சிரித்துக்கொண்டே கிழவரின் காதிலிருந்து மெஷினை எடுத்துத் துடைத்தாள். "பெரியவரே, வேண்டாத சத்தத்த மட்டும் அணைச்சு வச்சுக்கலாம்னு பாக்குறீங்க. எது வேண்டிய சத்தம்னு முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?"

ஒட்டீலியா கை தட்டினாள். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லவோன் வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடது பொத்தானையும் வலது பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். 'சாலை எச்சரிக்கை' என்று வந்ததும் நடுப் பொத்தானை ஒரு தரம் தட்டினாள். 'அணை' என்று எழுத்து மாறியது. பெட்டி ஒரு சின்னக் கீச்சோடு ஒப்புக்கொண்டது.

உள்ளே கிழவருக்குச் சொன்னதை, வெளியே வந்து தனக்குச் சொல்லிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மில் யாருக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கிறது?

ஜூலை நடுவில் அந்தப் பக்கத்து வயல்களில் ஆளிச்செடி பூக்கும். வெறும் நீலம். காலையில் விரிந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடுகிற பூ. ஆனால் விரிந்திருக்கிற அந்த நாலைந்து மணி நேரத்துக்கு வானத்தை இறக்கிக் கீழே பரப்பியது மாதிரி இருக்கும். காற்று வீசினால் அலை ஓடும்.

அன்று காலை பத்து மணிக்கு லவோன் இரண்டாவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஆளிப்பூ. அவள் ஏரிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். டெல்மர் துடுப்பை நழுவவிட்டுவிட்டுக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான். குடிசையின் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்தது. சாலையோரம் ஆரஞ்சு நிறப் பலகை ஒன்று போயிற்று; இன்னொன்று போயிற்று. அவள் கண்ணில் அவை பட்டன, மனதில் படவில்லை. பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. பெட்டி சத்தமில்லாமல் இருந்தால் உலகத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதானே அர்த்தம்?

சாலை ஒரு சின்ன மேட்டில் ஏறியது. மேட்டின் உச்சியில், வெயில் நடுக்கத்தில், ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று நின்றது. எவ்வளவு பெரிய பட்டாம்பூச்சி என்று அவள் நினைத்தாள். அதன் கையில் சிவப்பாக எட்டு மூலைப் பலகை ஒன்று இருந்தது. பிறகுதான் அதற்கு ஒரு முகம் வந்தது.

லவோன் பிரேக்கில் ஏறி நின்றாள். புதிதாகக் கொட்டியிருந்த பொடிக்கல்லில் சக்கரங்கள் பிடிக்கவில்லை. கார் சறுக்கிக்கொண்டே போனது, மெதுவாக, மிக மெதுவாக. பட்டாம்பூச்சி வாயைத் திறப்பதும், பலகையை வீசிவிட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் பாய்வதும் தண்ணீருக்கடியில் நடப்பது போலத் தெரிந்தன. பலகை காரின் மூக்கில் பட்டுக் கண்ணாடிக்கு மேலே பறந்தது. அப்புறம் சுற்றிலும் நீலம். கார் ஆளி வயலுக்குள் ஐம்பதடி உழுதுகொண்டு போய் நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. உதிர்ந்த பூக்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. பெட்டி தன் இடத்திலேயே இருந்தது, நிம்மதியாக.

லவோனுக்கு ஒரு கீறலும் இல்லை. இறங்கி ஓடினாள். பள்ளத்தில் விழுந்து கிடந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண், பெயர் ட்வைலா. குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தில் சமைப்பவள், கோடையில் சாலை வேலை நடக்கிற இடத்தில் பலகை பிடித்து வண்டிகளை நிறுத்துகிறவள். தோள்பட்டை எலும்பு முறிந்து, இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"உசிரோட இருக்கியாம்மா?" என்றாள் லவோன், அழுகையோடு.

"திட்டுறேன்ல? அப்ப இருக்கேன்."

மேஸ்திரி ஹார்லன் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார். வருகிற வழியிலேயே லாரியின் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. கால் மணியில் போலீஸ் கார் ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கியவர் அதிகாரி ஹேகன். லவோனுக்கு மூன்றாவது சீட்டை எழுதியவர் அவர்தான்.

"அம்மா, நீங்களா?" என்றார். "எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கடிதம் லவோனின் கண்முன் வந்தது. டெல்மரின் முதுகு வந்தது. வாய் தானாகச் சொன்னது. "அறுபத்தஞ்சு இருக்கும்."

ஹேகன் சாலையைப் பார்த்தார். பொடிக்கல்லில் சறுக்கிய தடம் கலைந்து கிடந்தது. வேகத்தை அதில் படிக்க முடியாது. எழுதிக்கொண்டார்.

அப்போது ஹார்லன் ஆளி வயலில் நின்ற காரைக் கவனித்தார். கண்ணாடியில் தொங்குகிற பெட்டியையும் கவனித்தார்.

"கார்ல டிடெக்டர் வச்சிருக்கீங்களா? கத்தலையா அது?"

"கத்தல" என்றாள் லவோன். அது மட்டும் உண்மை.

ஹார்லன் பள்ளத்தின் பக்கம் திரும்பினார். "ட்வைலா! காலையில மெஷின் பொத்தான அமுக்குனியா இல்லையா?"

"அமுக்குனேன்."

"அமுக்கியிருந்தா அந்தப் பெட்டி கத்தியிருக்கும்ல? போன மாசமும் இதேதான். மறந்துட்டு, அமுக்குனேன்னு சொன்ன. இன்னொரு வாட்டி மறந்தா வீட்டுக்குப் போயிடுன்னு சொன்னேனா இல்லையா?"

வலியிலும் திட்டிக்கொண்டிருந்தவளின் குரல் இறங்கியது. "அமுக்குனேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். "ஃபிளாஸ்க்க உள்ள வச்சேன், தொப்பி போட்டேன், அமுக்குனேன்... அமுக்கலையா?" அவள் கண்ணில் நீர் முட்டியது. "நான்தான் மறந்துட்டேன்போல. அக்கா, மன்னிச்சிடுங்க. நான் அமுக்கியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்க காரு வீணாப் போச்சே."

இந்த இடத்தில் லவோன் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. லைசென்ஸ் பிழைத்திருக்கும், வேலை பிழைத்திருக்கும். எலும்பு முறிந்தவளே மன்னிப்பும் கேட்டாயிற்று. உலகத்தில் இதைவிடச் சௌகரியமான தப்பித்தல் யாருக்குக் கிடைக்கும்? காற்று வீசி, ஆளிப்பூ அலை ஒன்று கார் வரைக்கும் போய், காரில் மோதித் திரும்பியது.

"ஹேகன் சார், கூட வாங்க" என்றாள்.

வயலில் இறங்கி நடந்தாள். ஹேகன் பின்னால் வந்தார். கார் கதவைத் திறந்து உட்கார்ந்து, இடது பொத்தானையும் வலது பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். பட்டியல் வந்தது. தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினாள். 'சாலை எச்சரிக்கை: அணை.'

"நாந்தான் அணைச்சேன். மூணு வாரமாச்சு. அதுக்கு முன்னால போலீஸ் இல்லாத எடத்துலயும் கத்திக்கிட்டே இருந்துச்சு, எரிச்சலா இருந்துச்சு."

அவர் குனிந்து எழுத்தைப் படித்தார். அவள் நடுப் பொத்தானைத் தட்டினாள். 'போடு' என்று மாறியது. காரை விட்டுத் தலையை நீட்டிக் கத்தினாள். "மேஸ்திரி! லாரில சாவியத் திருப்புங்க. வேற எதையும் தொடாதீங்க!"

ஹார்லன் முணுமுணுத்துக்கொண்டே லாரியில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

பெட்டி குருவிக் குரலில் கூப்பிட்டது. விட்டு விட்டு, விடாமல். அந்த அமைதியான நீலத்தின் நடுவே அது ஒரு குழந்தை அழைப்பது போலக் கேட்டது. மேட்டில் நின்றவர்களுக்கும் கேட்டது. பள்ளத்தில் கிடந்த ட்வைலாவுக்கும் கேட்டது.

"அமுக்கியிருக்கேன்!" என்று அவள் வலியை மறந்து கத்தினாள். "யோவ் மேஸ்திரி, கேட்டியா? அமுக்கியிருக்கேன்!"

ஹார்லன் தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேகம் எம்பத்தி ரெண்டு" என்றாள் லவோன், ஹேகனிடம். "அதுவும் எழுதிக்குங்க."

அவர் எழுதியதை அடித்துத் திருத்தினார். "நீங்க இதச் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். அந்தப் பொண்ணு எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறா சார். அதத் தாங்க முடியல."

லைசென்ஸ் போயிற்று, ஆறு மாதத்துக்கு. ஆபீஸில் அவளைக் கழற்றிவிடப் பார்த்தார்கள். ரெய்ன்ஹோல்டும் இன்னும் பதினேழு கிழவர்களும் வேறு ஆள் வந்தால் மெஷினைக் கழற்றி எறிவோம் என்று எழுதிப் போட்டதால், பாதிச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார்கள். நாளுக்கு இரண்டு வீடு. டெல்மர்தான் ஓட்டினான். முதுகுக்கு இரண்டு தலையணை, ஒவ்வொரு முக்கால் மணிக்கும் ஒரு நிறுத்தம், ஐம்பது மைல் வேகம். பின்னால் வருகிற டிராக்டர்காரர்கள்கூட ஹாரன் அடித்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், வேறொரு சாலையில், பெட்டி குருவிக் குரலில் கூப்பிட்டது. டெல்மர் நடை வேகத்துக்கு வந்துவிட்டான். வளைவைத் தாண்டியதும் சிவப்புப் பலகையோடு ட்வைலா நின்றாள். தோள் கூடி, வேலைக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காரை அடையாளம் கண்டுகொண்டு, ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள்.

"என்னக்கா, இன்னிக்கு நான் குதிக்க வேண்டாமா?"

"வேண்டாம்மா. எங்க வீட்டுக்காரர் ஓட்டுறாரு. நீ நடந்தே தப்பிச்சிடலாம்."

"நான் கிண்டலுக்கு ஆளாயிட்டேன் பாரு" என்றான் டெல்மர்.

ட்வைலா கண்ணாடியில் தொங்குவதைப் பார்த்தாள். "இன்னும் இத வச்சிருக்கீங்களா? கழட்டி எறிஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எறிஞ்சா உன் குரல் எனக்கு எப்படிக் கேக்கும்? பட்டியல்ல உன்ன மட்டும்தான் போட்டு வச்சிருக்கேன். போலீஸ் குரல மொத்தமா அணைச்சாச்சு."

ட்வைலா வாய்விட்டுச் சிரித்தாள். "அடிப்பாவி! எல்லாரும் அதுக்குத்தானேக்கா இந்தப் பெட்டியவே வாங்குறாங்க. போலீஸ் பிடிச்சா?"

லவோன் சிரிக்கவில்லை.

"பிடிக்கட்டும். சீட்டு எழுதுவாரு, அவ்வளவுதானே. இத்தன நாளா எனக்கு வர்ற ஆபத்துக்கு மட்டும் இது கத்தணும்னு வச்சிருந்தேன். என்னால அடுத்தவங்களுக்கு வர்ற ஆபத்துக்கு இதோட வாயக் கட்டி வச்சிருந்தேன். போலீசு நிக்கிறாருன்னு காலத் தூக்குறவளுக்கு, போலீசு இல்லாத எடத்துல மனுஷங்க நிக்கிறது கண்ணுலயே படாது ட்வைலா. வேகத்தக் குறைக்கிறது சீட்டுக்குப் பயந்து இல்ல, ரோட்டுல நிக்கிற இன்னொரு உசிருக்காகன்னு புரிய, உன் எலும்பு ஒடிய வேண்டியிருந்துச்சு எனக்கு."